முப்பத்து நான்கு அடி எறும்பு

கள்ளியோடையில் எறும்புகள் மனிதர்களுக்குப் பின்னால் வரிசை கட்டி நடக்க ஆரம்பித்தது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு. அதை முதலில் பார்த்தது யார் என்று ஊருக்குள் நாலு பேர் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் முதலில் பார்த்தது நான்தான், ஏனென்றால் அவை முதலில் நடந்தது என் அண்ணன் தவசிக்கனியின் பின்னால். அண்ணன் கம்பெனிக்குப் போவதற்காகக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினான். அவனுடைய இடது குதிகாலுக்கு அரையடி பின்னால் ஓர் எறும்பு, அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று என்று கறுப்பாக, பளபளவென்று, கொஞ்சமும் அவசரம் இல்லாமல் தெருவின் பாதி தூரத்துக்கு நீண்டிருந்தன. கடிக்கிற எறும்பு இல்லை, பிள்ளையார் எறும்பு. அதனால் யாரும் மிதிக்கவில்லை, யாரும் மருந்து தூவவில்லை. எதிர்வீட்டுக்காரி மட்டும் தலையைத் தூக்கி, "ஏ அன்னக்கொடி, ஒங்க அண்ணன் பின்னால என்னமோ வருது பாரு" என்று சொல்லிவிட்டு மீதிக் கோலத்தைப் போட்டு முடித்தாள்.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், நான் இந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பத்தொன்பது வருடமாக ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அதாவது, விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கட்டுமா என்று பத்தொன்பது வருடமாக ஊரிடம் பிச்சை கேட்டுக்கொண்டிருக்கிறவள். என்னைத் தெருவில் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிற ஆட்களைப் பெயர் சொல்லி எண்ண முடியும் என்னால். "நாளைக்கு வாரேன்க்கா" என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் கண் மங்கிவிட்டது, கால்வாசிப் பேருக்குச் சிறுநீரகம் போய்விட்டது, அந்த நாளை மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

ஊர்த் தண்ணீர் உப்பு. எங்கே தோண்டினாலும் உப்பு, ஓடைக்கரையில் ஒரு கையகலத் துண்டு நிலத்தைத் தவிர. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் பொன்னூஞ்சல் கூல்டிரிங்ஸ் கம்பெனி வந்து சரியாக அந்தத் துண்டு நிலத்தைத்தான் வாங்கியது, நாலு போர் போட்டது, அந்த நாலு போரிலிருந்தும் இரவும் பகலும் நல்ல தண்ணீர் மேலே வந்து, உள்ளே போய், சீனியும் சாயமும் கேஸும் சேர்த்துக்கொண்டு, ஆரஞ்சாகவும் கறுப்பாகவும் பாட்டிலில் ஏறி, கேட்டைத் தாண்டி வெளியே வந்து, கலர் என்ற பெயரில் எங்களிடமே வந்து சேர்ந்தது. இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு உப்புத் தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்ற கூச்சம் எங்கள் ஊருக்கு எப்போதும் உண்டு. அந்தக் கூச்சத்தைக் கம்பெனி தீர்த்து வைத்தது, அவ்வளவுதான். வந்தவருக்குக் கலர், போகிறவருக்குக் கலர், சாவு வீட்டில் அழுது தொண்டை காய்ந்தவருக்குக் கலர். அதற்கும் மேலே ஒரு முறை வந்துவிட்டது. பெண் பேசி முடித்தால், வரப்புச் சண்டை தீர்ந்தால், அடித்துக்கொண்ட அண்ணன் தம்பி ராசியானால், இரண்டு பக்கத்து ஆளும் ஊர் முன்னால் நின்று ஒரு கலரை உடைத்து ஆளுக்கொரு மடக்கு குடிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் முதலில். குடித்தால் பேச்சு பேச்சு. குடிக்காவிட்டால் பத்திரத்தில் பத்துக் கையெழுத்து இருந்தாலும் கள்ளியோடையில் அது செல்லாது.

என் அண்ணன் அந்தக் கம்பெனியில் முதல் நாளிலிருந்து லோடுமேன். கம்பெனிக்குள் தொழிலாளிக்குக் குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. அதற்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு பாட்டில் இலவசம், கோடையில் நாலு. நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற மனுஷனுக்குத் தாகம் எடுக்காதா? அண்ணன் குடித்தான். இருபத்திரண்டு வருடம் குடித்தான். போதாததற்கு வீட்டுக்கு வந்தும் குடித்தான், ஏனென்றால் வீட்டிலும் உப்பு.

எறும்பு வந்த அன்று மத்தியானத்துக்குள் ஊரில் இருநூறு பேருக்குப் பின்னால் வரிசை வந்துவிட்டது. சிலருக்கு ஒரு சாண், சிலருக்கு நாலடி, மளிகைக் கடைக்காரருக்கு ஒன்பதடி. எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. தையல்காரரிடம் இஞ்சு டேப்பை வாங்கிக்கொண்டு போய் மூன்று பேரின் வரிசையை அளந்தேன், அதே மூன்று பேரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து விரலைக் குத்தினேன். சீனி கூடக் கூட வரிசை நீளம், அடி பிசகவில்லை. நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருடமாக நான் கெஞ்சிக் கேட்டதை, எறும்புகள் யாரையும் கேட்காமல், ஊசி இல்லாமல், தெருவில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தன. இனி எவனும் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது, இனி இந்த ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதுவிட்டேன்.

அண்ணனுடையது முப்பத்து நான்கு அடி. அவன் ரத்தத்தை வைத்தபோது மெஷினில் எண்ணே வரவில்லை. தன்னால் அளக்க முடிந்ததைத் தாண்டிப் போய்விட்டது என்று மட்டும் காட்டியது.

"அண்ணே, இனிமே கலரைத் தொட்டியோ, கால் போயிரும், கண்ணு போயிரும். சொல்லுதேன் கேளு."

"தொடலட்டி. நீ எனக்கு ஒரு கொடம் நல்ல தண்ணி கொண்டா, நான் ஏன் கலரைத் தொடுதேன்?"

நான் மெஷினைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

ஊர் எறும்பை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்கு எரிச்சல் வரும், எனக்கு அப்போதே வந்தது. பஸ்ஸில் நடத்துநர் "எறும்பு ஏறிருச்சா, ரைட்" என்று கேட்டு விசில் கொடுக்கப் பழகினார். ரேஷன் கடையில் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே எறும்புக்கு இடம்விட்டு நின்றதால் வரிசை பக்கத்துத் தெரு வரைக்கும் போனது. கல்யாண போட்டோக்காரர் எறும்பைத் தனியாக அழித்துக் கொடுத்தார், அதற்குத் தனிக் கட்டணம். பெண்களுக்குச் சேலைக் கரையில் எறும்பு சிக்காமல் இருக்க இரண்டு விரல்கடை ஏற்றிக் கட்டுவது வழக்கமானது. பிள்ளையார் கோவிலில் நீளமான வரிசைக்காரர்களுக்கு முதல் திருநீறு, சாமியின் சொந்தப் பரிவாரம் அல்லவா பின்னால் வருகிறது? கொஞ்ச நாளில் அது அந்தஸ்தாகவே ஆகிப்போனது. "அவுஹ ஏழடிக் குடும்பம்" என்று பெண் பார்க்கிற இடத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள், எறும்பே இல்லாமல் நடந்தவனை "ஒரு கலர் வாங்கிக் குடிக்க வக்கில்லாத பய" என்று ஏளனமாகப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகளுக்குப் பின்னால் எறும்பு வந்தது. பதினொன்று! ஐந்தாம் வகுப்பு டீச்சர் அந்தப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார், எறும்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று. எறும்பை எதற்கெல்லாமோ பயன்படுத்திக்கொண்ட என் ஊர், அது எதைச் சொல்ல வந்ததோ அதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். போன வீட்டிலெல்லாம் உட்காரவைத்து, பேச்சைக் கவனமாகக் கேட்டு, தலையை ஆட்டி, "வெயில்ல வந்திருக்க, ஒரு கலர் குடிச்சிட்டுப் போக்கா" என்றார்கள்.

பிறகு கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். மக்கள் தொடர்பு அதிகாரி, விவேக் சந்தானம் என்று பெயர், கசங்காத வெள்ளைச் சட்டை, நல்ல தமிழ், கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் குடுவை. பஞ்சாயத்துத் தலைவி மரகதவல்லி அவருக்கு நாற்காலி போட்டாள். அவர் ஊர் நடுவில் ஒரு ஆரஞ்சு பாட்டிலைத் திறந்து, ஒரு தட்டில் ஊற்றித் தரையில் வைத்தார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று. ஓர் எறும்புகூடத் தட்டின் பக்கம் போகவில்லை. எல்லா எறும்பும் தங்கள் தங்கள் ஆளின் பின்னால் அப்படியே நின்றன.

"பாத்தீங்களா? எங்க தயாரிப்புக்கும் எறும்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்றார். ஊர் கை தட்டியது.

"சார்" என்றேன். "எறும்பு பாட்டிலைத் தேடி வரல. பாட்டில் போய்ச் சேர்ந்த எடத்தத் தேடி வருது. எங்க ரத்தத்துல கெடக்குற சீனி அதுக்குத் தெரியுது."

"மேடம், ஒரு பாட்டில் குடிக்கிறதா பத்துப் பாட்டில் குடிக்கிறதாங்கிறது அவங்கவங்க விருப்பம். நாங்க யார் வாயிலயும் ஊத்தலையே? ஆரோக்கியம் நம்ம கையிலதான் இருக்கு. உடற்பயிற்சி செய்யணும், அளவோட சாப்பிடணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெட்டி தூக்குகிறவனிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். நல்ல தண்ணீரை எல்லாம் வேலி போட்டு அடைத்துக்கொண்டு, தாகத்துக்கு நீ எதைக் குடிப்பது என்பது உன் விருப்பம் என்கிறார். நான் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மரகதவல்லி நன்றியுரை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கம்பெனி செலவில் 'நலமாய் நடப்போம்' என்று நடைப்போட்டி வைத்தார்கள். முந்நூறு பேர் முந்நூறு வரிசையோடு நடந்ததில் எறும்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, எது யாருடையது என்று பிரிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. முதல் பரிசு என்ன தெரியுமா? ஒரு பெட்டி கலர். வாங்கியவன் என் அண்ணன்.

புரட்டாசியில் ஒரு நாள் அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தான். எப்போதும் பின்னாலேயே நிற்கிற எறும்புகள் அன்றைக்கு முன்னால் வந்து, இடது பாதத்தைச் சுற்றி வட்டம் போட்டன. பீடி சுற்றிக்கொண்டிருந்த அண்ணன் மனைவி செண்பகம் மைனி தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றிப் பார்த்தாள். பாட்டில் கண்ணாடித் துண்டு ஒன்று, ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்கு, சின்ன விரலுக்குக் கீழே ஏறி, உள்ளேயே தங்கி, சுற்றிலும் கறுத்துப் போயிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறதோ தெரியாது. அண்ணனுக்கு வலிக்கவே இல்லை.

"வலிக்கலன்னா நல்லதுதானட்டி?" என்றான் என்னிடம்.

"வலிக்காததுதாம்ணே வியாதி" என்றேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: சீனி இறங்கினால் இத்தோடு போகும், இறங்காவிட்டால் அடுத்தது முழங்காலுக்குக் கீழே. கலர் ஒரு சொட்டுகூடக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார். தண்ணீர் நிறையக் குடிக்கட்டுமாம்.

எறும்பு வந்தபோது எழாத ஊர், பதினொரு பிள்ளைகளுக்காக எழாத ஊர், தவசிக்கனியின் இரண்டு விரலுக்காக எழுந்தது. அதுவும் முழுசாக நியாயத்தால் என்று சொல்ல மாட்டேன்; அண்ணனுக்குக் கோவில் கொடையில் தீச்சட்டி எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடக்கிற முறை உண்டு, அந்தக் காலில் கம்பெனி கைவைத்தது என்று ஊருக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்படி வந்தால் என்ன, வந்ததே என்று நான் உட்கார்ந்து மனு எழுதினேன். நாலு போரில் ஒரு போரின் தண்ணீரை ஊர்க்குழாய்க்கு விட வேண்டும். தொழிலாளிக்குக் கலருக்குப் பதில் குடிதண்ணீர் வைக்க வேண்டும். பள்ளிக்கூட வாசலில் விற்கக் கூடாது. பாட்டில் மேல் இதில் இத்தனை ஸ்பூன் சீனி என்று பிள்ளைக்கும் தெரிகிற மாதிரி படம் போட வேண்டும். ஊரே கையெழுத்துப் போட்டுக் கம்பெனி கேட்டில் ஒன்பது நாள் உட்கார்ந்தது, லாரி உள்ளேயும் போகவில்லை வெளியேயும் வரவில்லை, பத்தாம் நாள் விவேக் சந்தானம் பத்திரத் தாளோடு வந்தார். நாலுக்கும் சம்மதம். அவருடைய முதலாளிகளின் கையெழுத்து நீல மையில் அழகாக இருந்தது. நான் எழுத்து எழுத்தாக மூன்று தடவை படித்தேன். தண்ணீர் வரும் என்று போட்டிருந்தது.

அப்போதுதான் மரகதவல்லி எழுந்து, "சரி, கலரை உடைங்க" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலை சுற்றியது. முறை என்றால் முறைதானே? கலர் குடிக்காத பேச்சு கள்ளியோடையில் என்றைக்குச் செல்லுபடி ஆகியிருக்கிறது? பாதிக்கப்பட்டவர் முதல் மடக்கு குடிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் என் அண்ணன். கூட்டம் விலகி வழிவிட்டது, அண்ணன் கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றான், முப்பத்து நான்கு அடி எறும்பும் வளைந்து வளைந்து அவன் பின்னால் வந்து நின்றது.

"உங்களுக்கெல்லாம் புத்தி பெசகிருச்சா?" என்று கத்தினேன். "எதை நிறுத்தணும்னு ஒம்பது நாள் ஒக்காந்தோமோ, அதையே குடிச்சா முடிச்சு வைக்கிறது? அவன் கால் போயிரும்!"

"ஒரே ஒரு மடக்குதானக்கா" என்றாள் மரகதவல்லி. "ஊருக்குத் தண்ணி வருதுல்லா."

"எலுமிச்சம்பழத் தண்ணியக் குடிக்கட்டும். மோரு குடிக்கட்டும்."

"அப்படி என்னைக்கு நடந்திருக்கு?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். பல பேர் ஆமாம் என்றார்கள்.

விவேக் சந்தானமும் சேர்ந்துகொண்டார். "உங்க ஊர் பழக்கத்தை நாங்க மதிக்கிறோம்ங்க. பாரம்பரியம் இல்லையா" என்று சொல்லி, தாமே ஒரு பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து அண்ணன் கையில் கொடுத்தார். கறுப்புக் கலர். நுரை வழிந்து அண்ணனின் விரலில் ஓடியது.

அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இருந்தது, அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் அவன் குடிக்கப் போகிறான் என்பதும் தெரிந்தது. ஊருக்குத் தண்ணீர் வர ஒரு கால்தான் விலை என்றால், பெட்டி தூக்கித் தூக்கிப் பழகிய அந்த மடையன் அதையும் தூக்கி வைத்துவிடுவான். பாட்டிலை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனவன், முறை ஞாபகம் வந்தவனாக நிறுத்தி, இன்னொரு பாட்டிலை எடுத்து அதிகாரியிடம் நீட்டினான்.

"ரெண்டு பக்கமும் குடிக்கணும் சார். நான் குடிச்சதும் நீங்க ஒரு மடக்கு."

"அய்யோ, நான் இதெல்லாம் குடிக்கிறதில்லைங்க" என்றார் அவர்.

யோசித்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"ஒரு மடக்குதான் சார்" என்றான் அண்ணன், நிஜமாகவே அவருக்கு உதவி செய்கிற குரலில்.

"இல்லைங்க, உடம்புக்கு... நான் ஆரம்பத்திலிருந்தே தொடுறதில்லை. எங்க வீட்லயும் பிள்ளைங்களுக்கு..." அதோடு நிறுத்திக்கொண்டு எவர்சில்வர் குடுவையை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எல்லாரும் அவருக்குப் பின்னால் தரையைப் பார்த்தார்கள். வெறும் மண். ஓர் எறும்பு இல்லை.

இதோ, கடைசியில், விற்கிறவனே சொல்லிவிட்டான். பத்தொன்பது வருடம் நான் சொல்லியும், எறும்பு ஊர்ந்து ஊர்ந்து சொல்லியும் ஏறாதது இப்போது ஏறிவிடும். நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"கேட்டீங்கள்லா? இவுரு ஏன் குடிக்க மாட்டேங்காரு? அவுரு பிள்ளைகளுக்கு ஏன் குடுக்க மாட்டேங்காரு? சொல்லுங்க!"

"திமிரு!" என்றார் மளிகைக் கடைக்காரர்.

"திமிருதான்!" என்றது ஊர்.

"எங்க ஊர்ல வந்து நின்னுக்கிட்டு, எங்க கையால குடுக்கிற கலரைக் குடிக்க மாட்டீரா?" என்று மரகதவல்லி நாற்காலியைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். கலரை மறுப்பது கள்ளியோடையில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். ஆளாளுக்குக் கத்தினார்கள், அதிகாரியின் வெள்ளைச் சட்டையைப் பிடித்தார்கள், நான் நடுவில் புகுந்து, தண்ணீர், தண்ணீர், பத்திரத்தைப் பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தர் காதிலும் விழவில்லை. அவர் அந்தச் சந்தடியில் பத்திரத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். கதவைச் சாத்தும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. நாலு வாக்கும் அவரோடு காரில் போயின.

இனி பொன்னூஞ்சல் பாட்டில் ஊருக்குள் நுழையக் கூடாது என்று அன்றைக்கே ஊர் கட்டுப்பாடு போட்டது, அந்த அதிகாரி வந்து மன்னிப்புக் கேட்டுக் கலர் குடிக்கும் வரைக்கும். அண்ணனையும் மற்ற லோடுமேன்களையும் கம்பெனி நிறுத்திவிட்டு வெளியூர் ஆட்களை வைத்துக்கொண்டது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். காரணம் கோணலாக இருந்தாலும் காரியம் நடக்கிறதே! ஊர் முகம் சுளித்துக்கொண்டு உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது, எலுமிச்சை பிழிந்து குடித்தது, மோர் ஊற்றிக் குடித்தது. பதினைந்து நாளில் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். மளிகைக் கடைக்காரருக்கு ஒன்பதடி ஆறாகியிருந்தது. பதினொரு பிள்ளைகளில் மூன்று பேருக்கு எறும்பே இல்லை. அண்ணனுக்கு மருந்தும் ஊசியும் சேர்ந்து முப்பத்து நான்கு இருபதாகியிருந்தது, புண் ஓரங்களில் ரோஸ் நிறத் தோல் வர ஆரம்பித்திருந்தது. மைனி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் கிழக்கே இருந்து ஒரு புது லாரி வந்தது. பச்சைப் பெயின்ட், மேலே ஒலிபெருக்கி, பக்கவாட்டில் 'நிலாமுத்து' என்று பெரிய எழுத்து. வேறு கம்பெனி, வேறு கலர், பச்சை நிறத்தில் எலுமிச்சை வாசனையோடு. லாரியோடு வந்த மேலாள் இறங்கி ஊரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், ஒரு பாட்டிலைத் திறந்து எல்லார் முன்னாலும் தாமே பாதியைக் குடித்துக் காட்டினார். அவ்வளவுதான். மரியாதை தெரிந்த கம்பெனி என்று மரகதவல்லி மாலை போட்டாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் லாரியைச் சுற்றி ஊரே வரிசையில் நின்றது, எறும்புகள் அவரவர் பின்னால் நின்றன. நான் யாரை அடிப்பேன், சொல்லுங்கள்.

"இங்கனயே ஒரு குடோன் போடப்போறோம். பெட்டி எறக்க ஆள் வேணும்" என்று மேலாள் சொன்னார். கூட்டத்திலிருந்து யாரோ அண்ணனைக் கைகாட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்தே வேலை இல்லை அவனுக்கு, மைனி பீடி சுற்றித்தான் அடுப்பு எரிந்தது. அண்ணன் போனான். கட்டு அவிழ்க்காத காலோடு லாரியின் பின்பக்கம் போய், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் முதல் பெட்டியை லகுவாக இழுத்துத் தோளில் ஏற்றினான். நான் கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொன்னால் சோற்றுக்கு நான் என்ன வழி சொல்வேன்?

அண்ணன் ஓரடி நடந்தவன் நின்றான். பெட்டியைத் தோளிலேயே வைத்துக்கொண்டு மேலாளிடம் கேட்டான்.

"குடோன்ல வேலை பாக்குறவங்களுக்குக் குடிக்கத் தண்ணி வைப்பீங்களா?"

"தண்ணியா?" மேலாள் லாரியைக் கைநீட்டிக் காட்டினார். "இத்தன பாட்டில் இருக்கையில தண்ணி எதுக்குண்ணே? வேணுங்கிற மட்டும் குடிங்க, யாரு கேக்கப்போறா?" சொல்லிவிட்டு, எல்லாரும் சிரிப்பார்கள் என்று வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனால் இடத்தை விட்டு யாரும் நகரவும் இல்லை. அண்ணன் பெட்டியை, பாட்டில் ஒன்றுகூடச் சத்தம் போடாமல், பதனமாகத் தரையில் இறக்கி வைத்தான். தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பாக்கி இருக்கிற எட்டு விரலையும் ஒவ்வொரு அடியிலும் பார்த்துப் பார்த்து ஊன்றி, வீட்டைப் பார்த்து நடந்தான்.